'ஈஸ்ட்மென் கலர்' தெரியும்... ஈஸ்ட்மேன் யார்? எல்லோர் கையிலும் கேமராவைக் கொடுத்த பேங்க் கிளார்க்கின் கதை

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாண்டினால் பழவேற்காடு பாலத்தில் வண்டிகள் வரிசைகட்ட ஆரம்பிக்கும். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர். பாலத்தைக் கடந்தால் ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் வங்கக் கடல், நடுவே நீளும் மணல் திட்டில் லைட்ஹவுஸ் குப்பம். வந்தவர்கள் இறங்கியதும் செய்கிற முதல் வேலை, செல்போனை எடுப்பதுதான். கலங்கரை விளக்கம் பின்னால் தெரிய ஒரு போட்டோ. கரையில் ஏற்றிவைத்த படகில் சாய்ந்தபடி ஒன்று. குளிர்காலமாக இருந்தால் ஏரியில் தூரத்தில் நிற்கும் பூநாரைகளையும் விடுவதில்லை. படத்தில் அவை வெள்ளைப் புள்ளிகளாகத்தான் விழும் என்பது வேறு விஷயம். அங்கே வலை பிரித்துக்கொண்டிருக்கும் மீனவரின் சட்டைப் பையிலும் ஒரு கேமரா போன் இருக்கிறது. அதில் பேத்தியின் படம் இருக்கும்.

இதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். 150 வருஷத்துக்கு முன்னால் இந்தியாவில் உழைக்கும் மக்களை யாராவது வந்து போட்டோ எடுத்தால்தான் உண்டு. 1868 முதல் 1875 வரை ஆங்கிலேய அரசு இந்திய மக்களைப் படம்பிடித்து எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. இன்ன சாதி, இன்ன குலம், இன்ன தொழில் என்று படத்தோடு விளக்கம். ஆள வந்தவர்களுக்கு ஆளப்படுகிறவர்களை அடையாளம் காட்டுவதற்கான புத்தகம் அது. படம் எடுக்கிறவர் ஒரு வர்க்கம், படத்தில் நிற்கிறவர் இன்னொரு வர்க்கம் என்று நடுவில் ஒரு சுவர் இருந்தது. அந்தச் சுவரை உடைத்ததில் பெரும்பங்கு அமெரிக்காவில் பேங்க் கிளார்க்காக இருந்த ஒருவருக்கு உண்டு. பெயர் ஜார்ஜ் ஈஸ்ட்மேன்.

பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? பழைய தமிழ் சினிமா போஸ்டர்களில் பெரிய எழுத்தில் 'ஈஸ்ட்மென் கலர்' என்று போட்டிருப்பார்களே, அதே ஈஸ்ட்மேன்தான். 1964-இல் 'காதலிக்க நேரமில்லை' வந்தபோது அந்த வண்ணத்தைப் பார்க்கவே கூட்டம் போனது. ஆனால் அந்த கலர் பிலிம் சந்தைக்கு வந்தது 1950-இல். அதற்கு 18 வருஷம் முன்பே ஈஸ்ட்மேன் இறந்துவிட்டார்.

தங்கும் விடுதி நடத்திய அம்மா

1854 ஜூலை 12, நியூயார்க் மாகாணத்தின் வாட்டர்வில் என்ற சிற்றூரில் பிறந்தார் ஈஸ்ட்மேன். அப்பா ரோச்செஸ்டர் நகரத்தில் கணக்கு வழக்கு சொல்லிக்கொடுக்கும் வணிகக் கல்லூரி நடத்தினார். குடும்பமும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஜார்ஜுக்கு எட்டு வயசு ஆகும் முன்பே அப்பா இறந்துவிட்டார், கல்லூரியும் போய்விட்டது. அம்மா மரியா கில்போர்ன் வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டு, வந்து தங்கியவர்களுக்குச் சமைத்துப் போட்டுக் குடும்பத்தை ஓட்டினார். இரண்டு அக்காக்கள். அதில் ஒருவர் போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்தார், இளம் வயதிலேயே இறந்தும் போனார்.

பையன் பதின்மூன்று, பதினான்கு வயசில் பள்ளிக்கூடத்தை விட்டான். ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் எடுபிடி வேலை, வாரத்துக்கு 3 டாலர். ராத்திரியில் கணக்குப் படிப்பு. 1874-இல் ரோச்செஸ்டர் சேமிப்பு வங்கியில் ஜூனியர் கிளார்க். சம்பளம் வாரத்துக்கு 15 டாலர். அந்தக் காலத்துக்கு அது மரியாதையான வேலை. கையில் வருகிற ஒவ்வொரு காசையும், போகிற ஒவ்வொரு காசையும் நோட்டில் எழுதி வைக்கிற பழக்கம் சின்ன வயசிலிருந்தே உண்டு. வறுமையைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு அது சும்மா வந்த பழக்கம் இல்லை.

போகாத பயணம், வாங்கிய கேமரா

1877-இல் அவருக்கு 23 வயசு. கரீபியன் தீவு ஒன்றில் இருக்கும் சாந்தோ டொமிங்கோவுக்குப் போய்வர ஆசைப்பட்டார். போகிற இடத்தைப் படம் எடுத்து வந்தால் நன்றாக இருக்குமே என்று கூட வேலைபார்த்தவர் யோசனை சொன்னார். ஈஸ்ட்மேன் 94 டாலருக்குக் கருவிகள் வாங்கினார். ஆறு வாரச் சம்பளத்துக்கும் மேல். அதைக் கையாளத் தனியாகக் காசு கொடுத்துப் பாடம் படித்தார். கடைசியில் சாந்தோ டொமிங்கோவுக்குப் போகவே இல்லை.

அந்த 94 டாலரில் என்னவெல்லாம் வந்தது? பெரிய மரப்பெட்டி மாதிரி கேமரா, கனத்த முக்காலி, கண்ணாடித் தகடுகள், ரசாயனப் புட்டிகள், தொட்டிகள், தண்ணீர்ப் பாத்திரம், இருட்டறையாக விரிக்கக் கூடாரம். ஒரு கழுதை சுமக்கும் பாரம்.

அதே சாமான்களை லைட்ஹவுஸ் குப்பத்து மணலில் இறக்கிவைத்ததாக நினைத்துப் பாருங்கள். கடல் காற்றில் முதலில் கூடாரம் அடிக்க வேண்டும். உள்ளே போய் இருட்டில் கண்ணாடித் தகட்டின் மேல் கொலோடியன் என்ற பிசுபிசுப்பான திரவத்தை ஊற்றி, மேடு பள்ளம் இல்லாமல் பரப்பி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். தகடு ஈரமாக இருக்கும்போதே வெளியே ஓடிவந்து கேமராவில் சொருகிப் படம் எடுத்து, காய்வதற்குள் மறுபடி கூடாரத்துக்குள் ஓடி, அங்கேயே கழுவி முடிக்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் அதற்குக் கிடைக்கும் நேரம் சில நிமிஷங்கள். மணல் துகள் ஒன்று ஒட்டினாலும் தகடு போச்சு. போட்டோ எடுப்பது பணக்காரர்களுக்கும் தொழில்காரர்களுக்கும் மட்டுமே சாத்தியமாக இருந்ததற்குக் காரணம் இதுதான்.

அடுப்பங்கரையில் ஆராய்ச்சி

இங்கிலாந்திலிருந்து வரும் போட்டோகிராபி இதழ்களில் ஈஸ்ட்மேன் ஒரு செய்தியைப் படித்தார். ஜெலட்டினில் வெள்ளி உப்பைக் கலந்து கண்ணாடியில் பூசினால் காய்ந்த பிறகும் அது வேலை செய்யும். அப்படியென்றால் கூடாரம் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். தகடுகளை முன்கூட்டியே செய்து பெட்டியில் போட்டு விற்கலாம்.

பகலில் பேங்க் வேலை. ராத்திரியில் அம்மாவின் அடுப்பங்கரையில் ஜெலட்டின் காய்ச்சுவது. களைத்துப் போனால் அடுப்புக்குப் பக்கத்திலேயே, போட்ட துணியோடு தரையில் படுத்துத் தூங்கிவிடுவார். கிட்டத்தட்ட மூன்று வருஷம் இப்படிப் போனது. தகடுகளின் மேல் கலவையை ஒரே சீராகப் பூசும் இயந்திரம் ஒன்றை வடிவமைத்து, 1879-இல் லண்டனில் காப்புரிமை வாங்கினார். அடுத்த வருஷம் அமெரிக்காவிலும். அம்மாவின் விடுதியில் தங்கியிருந்த ஹென்றி ஸ்ட்ராங் என்ற சாட்டை வியாபாரி கூட்டாளியாகச் சேர்ந்தார். 1881 ஜனவரியில் கம்பெனி உருவானது. அதே வருஷம் செப்டம்பரில், தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போன கோபத்தோடு, பேங்க் வேலையை உதறினார்.

சீக்கிரமே அடி விழுந்தது. 1882 வாக்கில் விற்ற தகடுகள் திடீரென்று வேலை செய்யவில்லை. வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார்கள். ஈஸ்ட்மேன் கெட்ட தகடுகளையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். கம்பெனி கிட்டத்தட்ட திவால். நூற்றுக்கணக்கான முறை கலவையை மாற்றிப் பார்த்தும் பிடிபடவில்லை. கடைசியில் இங்கிலாந்துக்கே போய் விசாரித்தபோதுதான் ஜெலட்டினில் கோளாறு என்று தெரிந்தது. ஜெலட்டின் சப்ளை மாறியிருந்தது.

ஒரு ஜெலட்டின் ஏன் நன்றாக வேலை செய்கிறது, இன்னொன்று ஏன் சொதப்புகிறது என்பதற்கு விடை கிடைக்க இன்னும் 40 வருஷம் ஆனது. 1920-களில் கோடாக் ஆய்வகத்தில் சாமுவேல் ஷெப்பர்டு என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். காரணம் கடுகு! ஜெலட்டின் மாட்டுத் தோலிலும் எலும்பிலும் இருந்து எடுப்பது. மாடு மேய்ந்த கடுகுச் செடியிலிருந்து வரும் கந்தகச் சேர்மம் ஜெலட்டினில் துளியூண்டு இருந்தால் பிலிமுக்கு ஒளி உணரும் சக்தி கூடுகிறது. சமையலறையில் தொடங்கிய தொழிலுக்கு விடையும் தாளிக்கிற பொருளிலேயே இருந்திருக்கிறது.

100 படம், ஒரு பெட்டி

கண்ணாடி கனம், உடையும். அதை விட்டொழிக்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. 1880-களின் நடுவில் காகிதத்தில் கலவையைப் பூசிச் சுருளாகச் சுற்றும் முறையை வில்லியம் வாக்கர் என்பவரோடு சேர்ந்து உருவாக்கினார். தொழில்முறை போட்டோகிராபர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கண்ணாடியில் கிடைக்கும் துல்லியம் காகிதத்தில் இல்லை. தொழில்காரர்கள் வேண்டாம் என்று ஒதுக்கியதால்தான் ஈஸ்ட்மேன் வேறு பக்கம் திரும்பினார். போட்டோகிராபி தெரியாத, தெரிந்துகொள்ளவும் விரும்பாத சாதாரண ஆளுக்கு இதை விற்றால் என்ன?

1888-இல் 'கோடாக்' வந்தது. எந்த மொழியிலும் அர்த்தம் இல்லாத, யாரும் தப்பாக உச்சரிக்க முடியாத, சின்னப் பெயர் வேண்டும் என்று அவரே உட்கார்ந்து எழுத்துகளைக் கோத்து உண்டாக்கிய சொல். ஆங்கில 'கே' எழுத்தின் மேல் அவருக்கு ஒரு பிரியம். அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயரான கில்போர்னும் அந்த எழுத்தில்தான் தொடங்குகிறது.

செங்கல்லைவிடச் சின்னப் பெட்டி. உள்ளே 100 படத்துக்கான சுருள் ஏற்கெனவே மாட்டப்பட்டிருக்கும். எடுக்கிறவர் செய்ய வேண்டியது மூன்று: மேலே நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுத்தால் ஷட்டர் தயார், பொத்தானை அழுத்தினால் படம், சாவியைத் திருகினால் அடுத்த படத்துக்கு இடம். எதைப் படம் பிடிக்கிறோம் என்று எட்டிப் பார்க்க வ்யூஃபைண்டர்கூடக் கிடையாது. பெட்டியின் தலையில் இரண்டு கோடுகள் விரிந்து போகும், அந்தக் கோடுகளுக்கு நடுவில் ஆள் இருந்தால் சரி. எத்தனை படம் எடுத்தாயிற்று என்று காட்டவும் எதுவும் இல்லை, நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். படம் வட்டமாக, இரண்டரை அங்குல விட்டத்தில் வரும்.

100 முடிந்ததும் கேமராவையே அப்படியே ரோச்செஸ்டருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே 10 டாலர். அங்கே கழுவி, பிரிண்ட் போட்டு, புதுச் சுருள் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். பொத்தானை அழுத்துவது மட்டும் உங்கள் வேலை, மிச்சம் கம்பெனியின் பொறுப்பு என்ற பொருளில் விளம்பரம் எழுதினார் ஈஸ்ட்மேன். இதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் இருந்தது. காகிதத்தின் மேல் இருந்த மெல்லிய படலத்தை உரித்துக் கண்ணாடிக்கு மாற்றிய பிறகுதான் பிரிண்ட் போட முடியும். வீட்டில் செய்யக்கூடிய காரியம் அல்ல அது.

விலை 25 டாலர். அதாவது பேங்க் கிளார்க்காக ஈஸ்ட்மேன் வாங்கிய சம்பளத்தில் இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஏழைக்கு இன்னும் எட்டாத விலைதான். ஆனால் முக்காலியும் கூடாரமும் ஒரே அடியில் ஒழிந்தன.

போகஸ் செய்யாமலே எப்படித் தெளிவாக விழுந்தது?

இந்த வகைக் கேமராக்களின் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. லென்ஸுக்குப் பின்னால் உள்ள துவாரம் சின்னதாக இருந்தால், பக்கத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு தெளிவாக விழும். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் தூரத்துப் போர்டு கொஞ்சம் தெளிவாகத் தெரிகிறதே, அதே கணக்கு. லென்ஸும் சின்ன போகல் நீளம் கொண்டதாக இருந்தால் இன்னும் வசதி. ஆகவே சில அடிகளுக்கு அப்பால் இருக்கும் எல்லாமே ஓரளவு தெளிவாக வரும்படி லென்ஸைத் தொழிற்சாலையிலேயே நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். திருக எதுவும் இல்லை என்பதால் தப்பாகத் திருகவும் வழியில்லை.

இதற்கு ஈடாகக் கொடுக்க வேண்டியது வெளிச்சம். துவாரம் சின்னது, ஷட்டர் வேகம் ஒன்றே ஒன்று. ஆகவே நல்ல வெயில் வேண்டும், அதுவும் எடுப்பவரின் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். லைட்ஹவுஸ் குப்பத்தில் சூரியன் கடலில் உதித்து ஏரிப் பக்கம் இறங்குகிறது. இந்தப் பெட்டியோடு ஒருவர் அங்கே போனால் காலையில் ஏரியைப் பார்த்தும், மாலையில் கடலைப் பார்த்தும்தான் எடுக்க முடியும். இருட்டியபின் ஒன்றும் விழாது.

பாதிரியாருக்கு நடந்தது

1889-இல் காகிதத்துக்குப் பதில் கண்ணாடி போல ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு பிலிம் வந்தது. ஈஸ்ட்மேனின் வேதியியலாளர் ஹென்றி ரெய்க்கன்பாக் செய்தது. அந்தப் பிலிமை வாங்கித்தான் எடிசனின் ஆட்கள் நகரும் படம் எடுத்தார்கள். சினிமாவே அதில் ஓடியது.

ஆனால் இந்தக் கதையில் இன்னொரு ஆள் இருக்கிறார். நியூ ஜெர்சி மாகாணம் நெவார்க்கில் ஹானிபல் குட்வின் என்ற பாதிரியார். பைபிள் காட்சிகளைப் படமாகக் காட்டுவதற்காக அவரும் இதே மாதிரி பிலிமைச் செய்து, 1887-லேயே காப்புரிமைக்கு மனு போட்டிருந்தார். அந்த மனு பதினோரு வருஷம் இழுத்தது. கோடாக் பிலிம் உலகம் முழுக்க விற்றுக்கொண்டிருந்தபோது அவர் ஆபீஸ் படியேறிக்கொண்டிருந்தார். 1898-இல் ஒருவழியாகக் காப்புரிமை கிடைத்தது. சொந்தமாகத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே, 1900-இன் கடைசி நாளில் இறந்துபோனார். உரிமையை வாங்கிய போட்டி கம்பெனி வழக்குப் போட்டது. 1914-இல் தீர்ப்பு கோடாக்குக்கு எதிராகப் போய், 50 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் ஆனது. அதில் ஒரு பங்கு குட்வினின் குடும்பத்துக்கும் போனது. பாதிரியார்தான் இல்லை.

ஈஸ்ட்மேனைக் கொண்டாடுகிற பல கட்டுரைகள் இந்த இடத்தை ஒரு வரியில் தாண்டிவிடும். அவர் கண்டுபிடிப்பாளர் என்பதைவிடப் பெரிய வியாபாரி. காப்புரிமைகளை வாங்கிக் குவிப்பதும், போட்டிக் கம்பெனிகளை விழுங்குவதும் அவர் முறை. பிலிமின் முதுகில் எண்கள் அச்சடித்த காகிதத்தை ஒட்டி, கேமராவின் பின்பக்கச் சிவப்பு ஜன்னல் வழியாக எத்தனையாவது படம் என்று பார்க்கும் ஏற்பாட்டை பாஸ்டன்காரர் சாமுவேல் டர்னர் செய்தார். 1895-இல் அவருடைய கம்பெனியையே ஈஸ்ட்மேன் வாங்கிவிட்டார். 1915-இல் அமெரிக்க நீதிமன்றமே கோடாக் சட்டவிரோத ஏகபோகம் என்று தீர்ப்பளித்தது.

ஒரு டாலர் பிரவுனி

1900 பிப்ரவரியில் வந்தது 'பிரவுனி'. ஃபிராங்க் பிரவுனெல் வடிவமைத்த அட்டைப் பெட்டி. மேலே தோல் மாதிரி ஒரு உறை, முன்னால் ஒற்றைக் கண்ணாடி லென்ஸ், பக்கவாட்டில் ஒரு சாவி. விலை ஒரே ஒரு டாலர். ஆறு படம் எடுக்கும் சுருள் 15 சென்ட். குழந்தைகள் கதைகளில் வரும் குட்டிச்சாத்தான் உருவங்களைப் போட்டு விளம்பரம் செய்தார்கள். குழந்தைகளுக்கான பொம்மை போல வந்ததைப் பெரியவர்களும் வாங்கினார்கள். முதல் வருஷமே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது.

லாபக் கணக்கு எளிது. கேமராவில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வாங்கினவர் காலம் முழுக்க பிலிம் வாங்குவார், கழுவக் கொடுப்பார். பெட்டியைக் கொடுத்துச் சுருளில் சம்பாதிக்கும் இந்த வழியைத்தான் பிற்பாடு பிரிண்டர் விற்பவர்களும் பிடித்துக்கொண்டார்கள்.

படங்களின் தன்மையும் மாறியது. ஸ்டூடியோவில் கழுத்தைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்ற காலம் போய், சிரிக்கிற முகம், கலைந்த தலை, கடற்கரையில் கால் நனைக்கிற குழந்தை எல்லாம் படத்துக்குள் வந்தன. இந்தப் படங்களுக்குக் கலை மதிப்பு இல்லை என்று அன்றைய போட்டோகிராபர்கள் முகம் சுளித்தார்கள். எடுத்தவர்கள் கலைக்காக எடுக்கவில்லை.

கேட்காமல் எடுக்கலாமா?

எல்லோர் கையிலும் கேமரா வந்ததும் ஒரு புதுத் தொல்லையும் வந்தது. கடற்கரையில் குளிப்பவர்களை, தெருவில் போகிற பெண்களை, கேட்காமலே எடுக்கும் ஆட்கள் கிளம்பினார்கள். பத்திரிகைகள் அவர்களை கோடாக் பேய்கள் என்று திட்டின. சில உல்லாச விடுதிகள் கேமராவுக்குத் தடை போட்டன. 1890-இல் சாமுவேல் வாரன், லூயி பிராண்டைஸ் என்ற இரண்டு வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமை பற்றி ஹார்வர்டு சட்ட இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். அதில் அவர்கள் கவலைப்பட்டவற்றில் ஒன்று, நொடியில் படம் எடுக்கும் இந்தப் புதுக் கருவிகள்.

அந்தக் கட்டுரை 127 வருஷம் கழித்து டெல்லிக்கு வந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தபோது வாரன், பிராண்டைஸ் கட்டுரையையும் எடுத்துப் பேசியது. குப்பத்தில் இறால் பிரித்துக்கொண்டிருக்கும் பெண்கள் முன்னால், பெயர்கூடக் கேட்காமல் போனை நீட்டுகிறவர்கள் இன்றும் உண்டு. அந்தப் படம் எந்தப் பக்கத்தில், என்ன தலைப்போடு போகும் என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியவே தெரியாது. 1868-இன் தொகுதிகளில் இருந்தவர்களுக்கும் தெரியாதுதான்.

பணம் சேர்த்தவர், கொடுத்தவர்

ஈஸ்ட்மேன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாதான் உலகம். 1907-இல் அம்மா இறந்தபோது நொறுங்கிப் போனார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். கூச்ச சுபாவம். உலகத்தில் எல்லோரையும் போட்டோ எடுக்க வைத்த மனுஷன், தன் முகம் வெளியே தெரிவதை விரும்பாதவர். சொந்த ஊர் ரோச்செஸ்டர் தெருவிலேயே அடையாளம் தெரியாமல் நடந்து போவார்.

சேர்த்த பணத்தைக் கொடுப்பதிலும் அதே குணம். எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்துக்கு 1912 முதல் எட்டு வருஷத்தில் சுமார் 2 கோடி டாலர் கொடுத்தார், மிஸ்டர் ஸ்மித் என்ற பெயரில். யார் அந்த ஸ்மித் என்று மாணவர்கள் பாட்டுக் கட்டிப் பாடுகிற அளவுக்கு ரகசியம் இருந்தது. பல் மருத்துவமனைகளை ரோச்செஸ்டரிலும் லண்டன், ரோம், பாரிஸ், பிரசெல்ஸ், ஸ்டாக்ஹோம் நகரங்களிலும் ஏழைக் குழந்தைகளுக்காகக் கட்டிக்கொடுத்தார். இசைப் பள்ளி தொடங்கினார். தொழிலாளர்களுக்கு லாபத்தில் பங்கு கொடுத்த முதல் தலைமுறை முதலாளிகளில் ஒருவர். 1919-இல் தன் பங்குகளில் மூன்றில் ஒரு பகுதியை ஊழியர்களுக்கு எழுதிவைத்தார். மொத்தம் கொடுத்தது 10 கோடி டாலருக்கு மேல்.

இதன் மறுபக்கம்: கறுப்பின மக்களுக்கான டஸ்கிகி, ஹாம்ப்டன் கல்வி நிறுவனங்களுக்கு லட்சக்கணக்கில் கொடுத்தவரின் தொழிற்சாலைகளில் கறுப்பினத்தவருக்கு வேலை கிடைப்பது அபூர்வம். அவர் இறந்து 32 வருஷம் கழித்து, 1964-இல் ரோச்செஸ்டரில் கலவரம் வெடித்த பிறகுதான் கம்பெனி அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. தொழிற்சங்கம் என்ற பேச்சையும் அவர் விரும்பியதில்லை.

கடைசிக் காலத்தில் முதுகுத்தண்டு நோய். நிற்க முடியாது, நடந்தால் வலி. அம்மா கடைசி வருஷங்களைச் சக்கர நாற்காலியில் கழித்ததைப் பார்த்தவர் அவர். 1932 மார்ச் 14 அன்று நண்பர்களை வீட்டுக்கு வரவழைத்து உயிலில் ஒரு திருத்தத்துக்குச் சாட்சிக் கையெழுத்து வாங்கினார். அவர்களை அனுப்பிவிட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயசு 77. நண்பர்களுக்கு இரண்டு மூன்று வரிக் குறிப்பு மட்டும் எழுதி வைத்திருந்தார். வலியோடு தனியாக இருக்கும் முதியவரை யாராவது உட்கார்ந்து பேசிப் பார்த்திருக்கலாமோ என்று இன்று தோன்றுகிறது. அன்றைக்கு அதற்கெல்லாம் ஏற்பாடு கிடையாது.

நம்ம ஊருக்கு வந்த பெட்டி

இந்தியாவில் 'பாக்ஸ் கேமரா' என்று சொன்னாலே பிரவுனி வகைதான். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த இடத்தை 'ஆக்ஃபா கிளிக் 3' பிடித்தது. ஜெர்மன் வடிவம், பரோடாவில் தயாரிப்பு. ஒரு ரோலில் 12 படம், சதுரமாக விழும். முதுகில் அதே சிவப்பு ஜன்னல். அக்கா கல்யாணம், கோடை விடுமுறை, மகாபலிபுரம் டூர் என்று ஒரு தலைமுறையின் ஆல்பம் அதில்தான் ஏறியது. பிறகு 80-களில் 'ஹாட்ஷாட்', 90-களில் 'கோடாக் கேபி 10'. அதற்குள் ரோலில் 36 படம் ஆகிவிட்டது. 36-ஐயும் முடிக்காமல் கழுவக் கொடுத்தால் வீட்டில் திட்டு விழும். அதனால் பொங்கலுக்குப் போட்ட ரோல் ஆடியில்தான் ஸ்டூடியோவுக்குப் போகும். தலை வெட்டுப்பட்டதா, கண் மூடியதா என்பது அப்போதுதான் தெரியும்.

பிலிமுக்கு வெளிநாட்டையே நம்பியிருக்கக் கூடாது என்று மத்திய அரசு 1960-இல் ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையை நிறுவியது. குளிரும் தூசி இல்லாத காற்றும் பிலிம் பூசும் வேலைக்குத் தோது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கே இந்து நகர் என்று பெயர். கலர் பிலிம் வந்தபோதே தடுமாறிய ஆலை, டிஜிட்டல் வந்ததும் எழவே இல்லை. ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து 2010-களில் கதை முடிந்தது.

கோடாக்கின் கதையும் அதே சமயத்தில்தான் சரிந்தது. இத்தனைக்கும் டிஜிட்டல் கேமராவை முதலில் செய்ததே அந்தக் கம்பெனி. 1975-இல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் இன்ஜினீயர் செய்து காட்டினார். ஒரு படத்தைப் பதிய 23 விநாடி பிடித்தது. பிலிமில் கொட்டும் பணத்தை விட்டுவிட்டு இதன் பின்னால் போக நிர்வாகத்துக்கு மனசு வரவில்லை. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அடுத்த வருஷம் மீண்டு வந்தாலும் பழைய கோடாக் திரும்பவில்லை.

கடற்கரைக்காரர்களுக்குப் பிலிம் எப்போதுமே கொஞ்சம் சண்டித்தனம் செய்யும் பொருள். உப்புக் காற்றிலும் ஈரத்திலும் பிரிண்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், நெகட்டிவில் பூஞ்சை படரும். ஜெலட்டின் என்பது கடைசியில் ஒரு புரதம்தானே, பூஞ்சைக்குச் சாப்பாடு. 2004 சுனாமி தமிழகக் கரையில் வீடுகளோடு ஆல்பங்களையும் எடுத்துக்கொண்டு போனது. இறந்தவரின் ஒரே படம் அதோடு போன குடும்பங்கள் உண்டு.

இப்போது லைட்ஹவுஸ் குப்பத்தில் ரோல் தேட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. படகு சேதமானாலும் வலை அறுந்தாலும் மனுவோடு வைக்க மீனவரே போனில் படம் எடுத்துக்கொள்கிறார். மீனவர் நலவாரிய அட்டைக்கு ஒட்டும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு மட்டும் ஸ்டூடியோவுக்குப் போய், ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்து, சிரிக்காமல் கேமராவைப் பார்க்க வேண்டும்.